நாலு மைல் நீள விண்கப்பல்

அந்தப் பந்தல்காரர்தான் எங்களை உள்ளே வைத்துப் பூட்டினார். கூட்டம் முண்டியடித்ததால் வந்த வினை என்று அவர் இன்றுவரை சொல்வது பொய்.

எண்பதுகளின் தொடக்கம். வண்டியூர் தெப்பக்குளத்துக்கு அப்பால் ஒரு பொட்டலில் பொருட்காட்சி. அதில் தகரத்தையும் ஒட்டுப்பலகையையும் வைத்து அவர் ஒரு விண்கப்பல் கட்டியிருந்தார். நாலு மைல் நீளம், உள்ளே ஒரு ஊரே குடியிருக்கிறது என்று ஒலிபெருக்கி கத்தியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு லாரி நீளம். வாசலில் வாழைமரம் கட்டி, எலுமிச்சம்பழம் தொங்கவிட்டு, சூடம் காட்டியிருந்தார். அதைப் பார்த்த சனம் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றியது. நானும் கழற்றினேன். ஐந்து வயது மகளின் செருப்பையும் கழற்றினேன்.

உள்ளே இரு பக்கமும் ஆளுயரக் கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தியிருந்தார். நீல பல்புகள் கண்ணுக்கெட்டாத தூரம்வரை வரிசையாகப் போயின. பக்கத்துக்கு ஒரு தெரு, தெரு நிறைய நாங்கள்.

"அம்மா, அம்புட்டும் நீயா?" என்று மகள் சிரித்தாள்.

பந்தல்காரர் கைகாட்ட, கதவுக்காரன் வெளியிலிருந்து கதவை இழுத்துத் தாழ் போட்டான். கப்பல் பறக்கிற மாதிரி தரை அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஒயர் கருகும் வாடை. பிறகு புகை. என் பக்கத்தில் நின்றவர் கதவைத் தட்டினார்.

"அண்ணே, திறங்க. ஒயர் கருகுது."

வெளியே நின்ற அந்தக் கதவுக்காரன் சிரித்தான். "பறக்கையில திறக்கக் கூடாது மாப்ள. கீழ விழுந்துருவீக."

"யோவ், பொம்பள புள்ளைக இருக்குய்யா."

"சந்திரன்ல எறக்கி விடுறேன், பொறுங்க."

புகை கூடியது. கண்ணுக்குத் தெரிந்த தெருவில் எல்லோரும் ஓடினார்கள். கண்ணாடி உடைந்தது. அத்தனையும் வெறுங்கால். மகளின் கை என் கையிலிருந்து நழுவிவிட்டது. பார்த்த பக்கமெல்லாம் அவள் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். எது என் பிள்ளை என்று தெரியவில்லை. ஒருத்தியை நோக்கி ஓடினேன். நெற்றி கண்ணாடியில் மோதியது. இன்னொருத்தியும் கண்ணாடிதான். கண்களை இறுக மூடிக்கொண்டேன். அழுகை ஒரே பக்கத்திலிருந்துதான் வந்தது. தவழ்ந்து போய்ப் பிடித்தேன். அவள் பாதம் ரத்தத்தில் வழுக்கியது.

யாரோ சுவரை ஓங்கி உதைத்தார்கள். ஒரே உதைதான். பலகை பிளந்து பொட்டல் தெரிந்தது. நாலு மைல் கப்பல் அவ்வளவுதான்.

வெளியே பந்தல்காரர் என் மகளின் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செருப்போட போயிருந்தா கிழிச்சிருக்குமா தாயி? ஒங்கள யாரு கழட்டச் சொன்னா?"

தையல் போட்டது ஆறிவிட்டது. ஆனால் அவள் இன்றும் லிஃப்டில் ஏற மாட்டாள். பூட்டிய அறையில் தூங்க மாட்டாள். அவள் குளிக்கும்போது வாசலில் நான் நிற்க வேண்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் உங்களுக்குப் பாராட்டு விழா என்று சுவரொட்டி பார்த்தேன், பந்தல்காரரே. முன்வரிசையில் உட்காருவேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, வந்திருக்கும் சனத்துக்கு முன்னால் பதில் சொல்லுங்கள்: உள்ளேயிருந்து திறக்க ஒரு தாழ்ப்பாள் ஏன் வைக்கவில்லை?