"ஆளுங்க அந்த சைட்ல இருக்காங்க"

போன வருடம் புரட்டாசி மாதம், பெரம்பலூரில் எங்கள் வீட்டில் வேலை நடந்தபோது நடந்தது இது. ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து என் மனைவி திருச்சியில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். எங்கள் வீட்டுக் கழிப்பறைக்குக் கொல்லையில் படி இறங்கிப் போகவேண்டும். அவள் திரும்பி வருவதற்குள் படுக்கையறையை ஒட்டியே ஒரு குளியலறை கட்டிவிடலாம் என்று ஒரு கான்ட்ராக்டரிடம் ஒப்படைத்தேன்.

எதையும் தேதி போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். பூச்சு, பைப், தண்ணீர் விட்டுப் பார்ப்பது, டைல்ஸ், கதவு என்று ஒவ்வொரு வேலைக்கும் எதிரே தேதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். கான்ட்ராக்டர் படித்துவிட்டு, "கவர்மென்ட் ஆபீஸ் தோத்துச்சு சார்" என்றார். மறுநாளே பிளம்பர் அதன் ஓரத்தில் பைப் அளவைக் கூட்டிப் போட்டிருந்தார்.

பைப் வேலை வரை தேதிகள் முன்பின்னாக நகர்ந்தன. டைல்ஸில் எல்லாம் நின்றுவிட்டது. டைல்ஸ் ஒட்டாமல் கழிப்பறைக் கோப்பை வைக்க முடியாது, கதவு மாட்ட முடியாது. தினமும் காலையில் கான்ட்ராக்டருக்குப் போன் செய்வேன். "ஆளுங்க லெப்பைக்குடிகாடு சைட்ல இருக்காங்க சார். முடிச்சிட்டு நேரா உங்க வூட்டுக்குத்தான்" என்பார். ஆபீஸ், ஆஸ்பத்திரி, இந்த போன் என்று அலைந்ததில் எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், டைல்ஸ் மேஸ்திரியைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று அந்த சைட்டுக்கே பைக்கில் கிளம்பினேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பாதி டைல்ஸ் போட்ட கூடத்தில் ஆள் அரவமே இல்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் முக்காடு போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரர் அவர்தான். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"நீங்கதான் பெரம்பலூர் வூட்டுக்காரரா?" என்று மேலும் கீழும் பார்த்தார். "ஆளுங்க உங்க வூட்லதான் இருக்காங்கன்னு தினம் சொல்றாரே. உங்களைத் திட்டாத நாளில்ல தம்பி."

"நானும் உங்களைத்தாங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். பல நாளைக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

டீ கொடுத்தபடி, மகன் துபாயிலிருந்து லீவில் வரப்போவதைச் சொன்னார். அவன் சம்பாத்தியத்தில் எழும்பும் வீடு. இன்ஷா அல்லாஹ், இந்தத் தடவை அவன் அதில் படுத்து எழுந்துவிட்டுப் போகணும் என்றார். பிறகு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆளுங்க பெரம்பலூர்லம்மா..." என்று கான்ட்ராக்டர் ஆரம்பித்ததும், "பெரம்பலூர்க்காரரு இங்கதான் டீ குடிச்சிட்டிருக்காரு" என்றார் அந்த அம்மா.

 கான்ட்ராக்டர், ஆட்கள் சிறுவாச்சூரில் ஒரு கடை வேலையில் மாட்டிக்கொண்டதையும், டைல்ஸுக்கு இருப்பது ஒரே மேஸ்திரி என்பதையும் ஒப்புக்கொண்டார். "நாளைக்கு அனுப்பிடறேன். யாரு வூட்டுக்குன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க."

அவர் போனை வைத்தார். எனக்கு என்ன அவசரம் என்று அந்த அம்மா கேட்டார். சொன்னேன்.

"அப்ப மொத உங்க வூட்டுக்கே போகட்டும்."

"உங்க மகன் வர்றாரேம்மா?"

"அவன் எங்கயாச்சும் நடந்து போய்ப் படுத்துக்குவான். கால் நல்லாத்தானே இருக்கு."

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒருவருக்கொருவர் போன் செய்து, மேஸ்திரி எங்கே இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம். கான்ட்ராக்டருக்குச் சொல்ல வேறு சைட் இல்லாமல் போயிற்று. என் மனைவி வீடு திரும்புவதற்கு முதல் நாள் குளியலறைக்குக் கதவு மாட்டினார்கள்.

மேஸ்திரியை அந்த அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லி நானும் விடாமல் நச்சரித்தேன். முதலில் மேஸ்திரிக்குக் காய்ச்சல், அப்புறம் மழை, அப்புறம் தீபாவளி. மகன் வந்து, மாமன் வீட்டில் தங்கி, லீவு முடிந்து போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கூடம் முடிந்தது. என்ன சொல்வது என்று தெரியாமலே அந்த அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"வீடியோவுல பாத்துட்டான் தம்பி. உங்க வூட்ல நடக்குறாங்களா?" என்றார்.

இப்போது நடக்கிறாள். சுவரில் ஒட்டிய தாளில் எங்கள் வேலை முடிந்த தேதி இருக்கிறது. அந்தத் தேதியில் இன்னொரு வீட்டில் வேலை நின்றுகிடந்தது என்பது அதில் இல்லை. குளியலறைக் கதவை அவள் சாத்தும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது எனக்கு நினைவுக்கு வருகிறது.