புசல்லாவையும் பதினான்காம் கேள்வியும்

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை புசல்லாவைக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல, பிழைப்புக்காக. சிறுவர் பாதுகாப்பு பற்றிய ஆய்வுகளுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவை எந்தெந்தத் தோட்டங்களில் மாலையில் கூடுதல் நேரம் திறந்து வைப்பது என்பதை இந்த ஆய்வை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். அதை வீடுகளில் சொல்லக் கூடாது என்று உத்தரவு. சொன்னால் பதில் மாறிவிடுமாம்.

மஹய்யாவவில் இருந்து 6.40க்குக் கிளம்பி, கண்டியில் 7.10 பஸ்ஸைப் பிடித்தேன். 190 ரூபாய், ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். கெலிஓயாவில் யாரோ ஓர் அலுமாரியை ஏற்றப் பார்த்ததில் கால் மணி நேரம் போனது. கம்பளைக்குப் பிறகு வளைவோ வளைவு. பக்கத்தில் உட்காருபவருக்கு வாந்தி வருமா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், நான் விசாரிக்கவில்லை. புசல்லாவையில் 9.15க்கு இறங்கி, தோட்டத்துக்கு ஆட்டோவில் இரண்டு கிலோமீற்றர், 300 ரூபாய்.

"சர்வேயா மிஸ்? அங்க எல்லாரும் பதிலோட ரெடியா இருப்பாங்க" என்றார் ஆட்டோக்காரர். நான் சிரித்தேன். நம்பியிருக்க வேண்டும்.

ஏழாவது வீட்டில், கொழுந்து பறித்துவிட்டுப் பகல் சாப்பாட்டுக்கு வந்த ராஜேஸ்வரி, கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்தார்.

"அடிக்கிறது இல்ல. ஏசுறது இல்ல. தனியா விடுறது இல்ல. கையெழுத்து எங்க போடணும்?"

என் பதினான்காம் கேள்வி, பிற்பகல் நான்கு முதல் ஆறு வரை பிள்ளை ஒரு பெரியவரின் பொறுப்பில் இருக்கிறதா என்பது. போன ஆறு வீட்டிலும் 'ஆம்', இங்கேயும் 'ஆம்'.

"உண்மையாவா அக்கா?"

"போன தடவ வந்தவங்ககிட்ட 'இல்ல'ன்னு சொன்னோம். பிள்ளைய தனியா விடக்கூடாதுன்னு ஒரு ஐயா வந்து ரெண்டு மணித்தியாலம் கிளாஸ் எடுத்தாரு. கொழுந்து எடுக்கிற நேரத்துல! அரை நாள் சம்பளம் போச்சு."

அந்த ஐயா மேல் எனக்கு நல்ல எரிச்சல் வந்தது. எல்லோரும் 'ஆம்' என்றால் தாளில் இந்தத் தோட்டத்துக்குக் குறையே இல்லை. காம்பரா நாலு மணிக்கே மூடப்படும்.

3.50க்குக் காம்பரா வாசலில் ஆட்டோவுக்காக நின்றேன். அங்கே வேலை செய்யும் பார்வதி சரியாக நாலு மணிக்குக் கதவைப் பூட்டினார்.

"மிஸ் இங்கதானே நிப்பீங்க?"

"ஆட்டோ வர்ற வரைக்கும்."

அது அவருக்குப் போதும். ஏழு பிள்ளைகளை என் முன்னால் உட்கார வைத்துவிட்டு நடையைக் கட்டினார். நான் திகைத்துக் கூப்பிட, திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நாலு மணிக்கு யாரு நிக்கிறாங்களோ அவங்கதான் மிஸ். நேத்து தபால்காரரு."

ஆட்டோ வந்தது, சும்மா திரும்பிப் போனது. ஒருவன் என் கேள்வித்தாளில் கோழி வரைந்தான். ஒருத்தி என் பையில் தலைவைத்துத் தூங்கினாள். இன்னொருத்தி திடீரென்று எழுந்து, கீழே பஸ் ஓடும் வீதியைப் பார்த்து ஓடினாள். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிப் பிடித்தேன். தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். உண்மையாகவே பயந்துபோனேன்.

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுத் தாய்மார் வர 5.35. ஓடியவள் ராஜேஸ்வரியின் மகள்.

"பாத்தீங்களா, ஆள் இருக்குதானே?" என்றார் ராஜேஸ்வரி.

எனக்குப் பொறுக்கவில்லை, உத்தரவை மீறினேன். "அக்கா, 'ஆம்'னு போட்டா இத நாலு மணிக்கேதான் பூட்டுவாங்க. உள்ளத சொன்னாதான் கூட நேரம் திறக்கச் சொல்லிக் கேக்கலாம்."

"இத அப்பவே சொல்றதுக்கென்ன?"

அவர் கூடையை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். "எழுதுங்க. திங்கக்கிழம தபால்காரரு. இன்னைக்கி நீங்க. நாளைக்கி யாருமில்ல."

தாளின் பின்பக்கத்தில், உத்தரவை மீறியதையும் சேர்த்து, அப்படியே எழுதினேன். அலுவலகத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்தப் பக்கத்தையும் அறிக்கையில் சேர்த்தார்கள். இப்போது அந்தக் காம்பரா ஆறு மணி வரை திறந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: குடை, ஸ்வெட்டர், ஓடக்கூடிய செருப்பு. கண்டிக்கு மாலை 6.15க்கு எனக்கு பஸ் கிடைத்தது, ஆகவே அவசரப்பட வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்குப் போன என் கூட்டாளி மூன்றரைக்கே பஸ் ஏறிவிட்டார். அவருடைய தாள்களில் எல்லாம் சுத்தமான 'ஆம்'. அங்கே இன்னும் நாலு மணிக்குத்தான் பூட்டுகிறார்கள்.