எட்டாவது பிள்ளை

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அது எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் இருந்த அத்தனை வீட்டுக்கும் தெரியும். கம்பெனி ஆஸ்பத்திரிக்கு மட்டும் தெரியாது. தெரியவே கூடாது என்பது நைனாவின் உத்தரவு.

ஏனென்றால் நைனாவுக்கே காது போய்க்கொண்டிருந்தது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் மிஷினைப் பிடித்தவர் அவர். அந்த மிஷினோடு பத்து வருஷம் குப்பை கொட்டியவர்களில் காது முழுசாக இருந்த ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆனால் டாக்டர் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும், வேலையோடு லைன் வீடும் போய்விடும். அதனால் மெடிக்கலுக்கு எங்கள் ஆட்கள் ஜோடி சேர்ந்துதான் போவார்கள். ஆளின் முதுகுக்குப் பின்னால் நின்று டாக்டர் மணியடிப்பார், மெதுவாக எண் சொல்வார். எதிரே வரிசையில் நிற்கும் கூட்டாளி மூக்கைச் சொறிவான், விரலை மடக்குவான். அதைப் பார்த்துப் பதில் சொல்லிவிட வேண்டியதுதான். இதை யாரும் ஏமாற்று என்று நினைக்கவில்லை, பிழைப்பு என்றுதான் நினைத்தார்கள்.

அறுபதுகளின் நடுவில், எனக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது, ஊரிகத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் காது கேட்காத பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. மெட்ராஸில் அதற்கென்றே படித்துவிட்டு வந்த ஒரு டீச்சர் நடத்தினார். அதுவரை கோபம் வந்தால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளும் என் தங்கை, அங்கே சேர்ந்த இரண்டு வருஷத்தில் தன் பெயரை எழுதினாள். முட்டிக்கொள்வதை விட்டாள். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

அந்த வருஷம் பள்ளிக் கமிட்டி கையை விரித்துவிட்டது. இனி டீச்சருக்குச் சம்பளம் வேண்டுமானால் மைசூர் சர்க்கார் மானியம் தர வேண்டும். மானியத்துக்குக் குறைந்தது எட்டுப் பிள்ளைகள் வேண்டும். எட்டுப் பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கு டாக்டர் சர்டிபிகேட் இருந்தது. எட்டாவது பிள்ளை என் தங்கை.

டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உங்க அப்பா ஒத்துக்கலைன்னா பரவாயில்லம்மா. பெங்களூர்லேருந்து ஆபீசர் வராரு. அவரே இங்க சோதிச்சுப் பாப்பாரு. இவளுக்குக் கேக்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும், கிராண்ட் வந்துடும்."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய் நைனாவின் காதுக்குப் பக்கத்தில் கத்தி அப்படியே சொன்னேன். அவர் சிரித்தார்.

"கேக்கலன்னு சொன்னா சர்க்காரு துட்டு குடுக்குமா? எந்த ஊர்ல கீது இந்த நாயம்? கேக்கலன்னா வெளிய போன்னுதான் சொல்லுவான். நான் பாக்காத டெஸ்டா?"

"டீச்சர்தான் சொன்னாங்க நைனா."

"அவங்க நல்லவங்க, படிச்சவங்க. இந்த டாக்டருங்கள பத்தி அவங்களுக்கு இன்னா தெரியும்? உன் தங்கச்சி பாஸாவணும். இல்லன்னா தொரத்திடுவானுங்க. பொண்ணுக்குக் காது இல்லன்னு பேப்பர்ல ஏறிச்சின்னா, அப்புறம் அப்பன் காத நோண்டுவானுங்க."

எனக்கு டீச்சர் சொன்னதும் சரியாகப் பட்டது, நைனா சொன்னதும் சரியாகப் பட்டது. ஆனால் மெடிக்கல் வரும் வாரத்தில் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காததைப் பார்த்து வளர்ந்தவள் நான். சர்க்கார் தானாக வந்து கொடுக்கும் என்று நம்ப எங்கள் லைனில் வலைபோட்டுத் தேடினாலும் ஆள் கிடைக்காது. நானும் நம்பவில்லை.

பத்து நாள் பயிற்சி நடந்தது. ஷிப்ட் முடிந்து குளித்த கையோடு நைனா தங்கையை முக்காலியில் உட்கார வைத்து, பின்னால் நின்று தட்டைத் தட்டுவார். எதிரே நான் நிற்பேன். நான் பின்னலைத் தொட்டால் அவள் கை தூக்க வேண்டும். பள்ளிப் பையின் வாரில் நான் எத்தனை விரல் வைக்கிறேனோ அத்தனை விரலை அவள் காட்ட வேண்டும். அவளுக்கு அது விளையாட்டு. நாலாவது நாளிலிருந்து ஒரு தப்புகூட விடவில்லை.

ஆபீசர் வந்தார். கொட்டகை நடுவில் தங்கை, அவள் முதுகுக்குப் பின்னால் மணியோடு அவர், மேசையருகே டீச்சர், வாசலை ஒட்டி நான். மணி அடித்தது. நான் பின்னலைத் தொட்டேன். அவள் கை தூக்கினாள். "மூணு," என்றார் மெதுவாக. மூன்று விரல் காட்டினாள். "அஞ்சு." ஐந்து விரல்.

"சென்னாகி, நல்லாவே கேக்குதே இந்தப் பொண்ணுக்கு! இவளை எதுக்கு இங்க வெச்சிருக்கீங்க?" என்றார் ஆபீசர்.

டீச்சர் தங்கையைப் பார்த்தார். அவள் பார்வை போன வழியே என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "நீ கொஞ்சம் வெளியே நில்லும்மா. சார், தயவுசெஞ்சு இன்னொரு தடவை பாருங்க."

வெளியே போய்த் தகர இடுக்கில் கண்ணை வைத்தேன். மணி அடித்தது. தங்கை அசையவில்லை. மறுபடி அடித்தது. அவள் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினாள். அப்பாடா, இப்போதாவது தெரிந்துவிடும் என்று மூச்சு விட்டேன்.

"என்ன டீச்சர், நாடகமா?" என்றார் ஆபீசர். "மொதல்ல மறந்துபோய் நெஜமா கேட்டுச்சு. நீங்க ஞாபகப்படுத்துனதும் செவிடாயிடுச்சா? கிராண்டுக்காகப் புள்ளைங்களுக்கு நடிக்கச் சொல்லிக் குடுக்கறீங்களா?"

உள்ளே ஓடினேன். "இல்லீங்க சார், அவளுக்குக் கேக்காது. நான்தான் ஜாடை காட்டினேன்."

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. "கேக்காத புள்ளைக்குக் கேக்கற மாதிரி யாராவது சொல்லிக் குடுப்பாங்களா? ஏன் அப்படிப் பண்ணே? காரணத்தைச் சொல்லு, எழுதிக்கறேன்."

பேனாவைத் திறந்துகொண்டு காத்திருந்தார். காரணம் எனக்குத் தெரியும். சொன்னால் நைனா அந்தத் தாளில் ஏறிவிடுவார். சொல்லாவிட்டால் வகுப்பு போய்விடும். "சொல்லும்மா," என்றார் டீச்சர்.

"சும்மா, விளையாட்டுக்கு சார்," என்றேன்.

மானியம் வரவில்லை. பரீட்சை லீவில் டீச்சர் மெட்ராஸுக்குப் போனவர் திரும்பவில்லை. மற்ற ஏழு பிள்ளைகளும் வீட்டோடு நின்றுவிட்டார்கள். நைனா மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. என் மேல் வந்தது, இன்னும் போகவில்லை.

ஆபீசர் வந்த அன்று வீட்டுக்குப் போகும் வழியில் தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, புருவத்தை உயர்த்தி, தான் பாஸா என்று ஜாடையில் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.