முதலில் எங்கள் தெரு

மின்சாரம் போதாத நாட்களில் நகரத்தின் எந்தப் பகுதியை எப்போது இருட்டாக்குவது என்று முடிவு செய்யும் நாற்காலியில், தையல்கார அக்காவின் தம்பி வெகுகாலம் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தது அந்த நாற்காலி. அங்கே அவருக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. மின்வெட்டு என்று வந்துவிட்டால் முதலில் அணைவது அக்காவும் அவரும் குடியிருந்த தெரு. அதற்குப் பிறகுதான் மற்ற இடங்களுக்குக் கை போகும்.

எதிர்வீட்டு அச்சகக்காரர் வாசலில் நின்று கத்துவார். “ஏம்மா, உன் தம்பி நம்மள ஊதி அணைச்சுட்டான் பாரு! இப்படி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்?”

“யாருக்கும் வாய்க்காதுதான் அண்ணே,” என்பாள் அக்கா. அவர் கேலியை அவள் பாராட்டாகவே வரவு வைத்துக்கொள்வாள். எல்லாரும் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிய பிறகும் அவள் கால்மிதியை விடவில்லை. தம்பி எப்போது அணைப்பாரோ, யார் கண்டது? சட்டை கொடுக்கிறேன் என்று சொன்ன நாள் தவறக்கூடாது அல்லவா!

பதவி உயர்வு அவரைத் தாண்டித் தாண்டி இளையவர்களிடம் போனது. மந்திரி வீட்டுப் பக்கத்தையும் விட்டுவைக்காமல் அணைத்தார் என்பதைத் தவிர அவர்மேல் வேறு குறை யாரும் சொன்னதில்லை. பிறகு நகரத்தின் மின் விநியோகத்தை ஒரு தனியார் கம்பெனி எடுத்துக்கொண்டது. துணைத் தலைவராக வரச்சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய கோட்டின் கையை இரண்டு முறை பிரித்துத் தைத்தாள். அவர் கம்பெனி வீட்டுக்குக் குடிபோனார். முதல் சம்பளத்தில் அவளுக்கு மோட்டார் வாங்கிவந்து தானே மாட்டிக்கொடுத்தார்.

அந்தக் கோடையில் மறுபடியும் மின்சாரம் போதவில்லை. ஆற்றுக்கு அக்கரை தினமும் சாயங்காலம் இருண்டது. இந்தத் தெரு ஒருநாள்கூட அணையவில்லை.

“எல்லாம் தம்பியோட தயவு,” என்றார் அச்சகக்காரர். இந்த முறை கேலி இல்லை. அந்த மரியாதைதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது.

தம்பி வந்ததும் கேட்டுவிட்டாள். “நம்ம தெருவ மட்டும் ஏன்டா விட்டுவச்சிருக்க?”

“நான் விடலக்கா. பெரிய அதிகாரிங்க சொந்தக்காரங்க இருக்கிற இடத்தத் தொடக்கூடாதுன்னு கம்பெனியில முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்க.”

“நீ வேண்டாம்னு சொல்லலியா?”

“சொன்னேன். சிரிச்சாங்க.”

“அப்புறம்?”

அவர் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் சிரிச்சுட்டேன்க்கா.”



மறுவாரம் ஒரு சாயங்காலம் அவர் வந்தபோது தெரு முழுக்க வெளிச்சம். அக்கா வீடு மட்டும் இருட்டு. உள்ளே மிதி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மெஷின்மேல் ஒரு மெழுகுவத்தி. கழற்றிய மோட்டார் மூலையில் கிடந்தது. ஏதோ பழுது என்று எண்ணி அவர் கை பழைய பழக்கத்தில் மெயின் சுவிட்சுக்குப் போனது. அது கீழே இறக்கப்பட்டிருந்தது.

“அதத் தொடாதடா,” என்றாள் அக்கா. “அக்கரையில இப்பதான் போயிருக்கும். அங்க வந்ததும் போட்டுக்கலாம்.”

“நீ ஒரு வீட்டுல அணைச்சா அங்க ஒரு பல்பு கூட எரியாதுக்கா.”

“தெரியும். நீ செஞ்சுட்டிருந்தத யாராவது செய்யணுமில்ல?”

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து முக்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு சட்டையின் காலரை முடித்து நூலை அறுத்தாள்.

“நாளைக்கும் இந்த நேரத்துக்கு வரட்டுமாக்கா?”

“வாடா. இருட்டாத்தான் இருக்கும்.”