பானெட்டில் ஒரு வட்டம்

போன வாரம் எங்கள் காரைப் பரிசோதிக்க ஒருவர் வந்தார். கழுத்தில் டை, கையில் டார்ச். பட்டப்பகலில் எதற்கு டார்ச் என்று என்னைக் கேட்காதீர்கள். காருக்கு கோட்டிங் போட்டுக் கொடுத்த கடையிலிருந்து வந்த இலவச செக்-அப். பல் டாக்டர் மாதிரி குனிந்து, சாய்ந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டே வந்தவர் பானெட் பக்கம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம், இங்கே ஆசிட் ஏதாவது கொட்டிவிட்டதா?" என்று ஹிந்தியில் கேட்டார். குரலில் அப்படி ஒரு துக்கம்!

கறுநீலத்தில் பளபளக்கும் பானெட்டின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம். மங்கலாக, லேசான கீறல்களோடு, தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரியும்.

"ஆசிட் இல்லை. அது பெரிய கதை" என்றேன். அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். தெரியாதவர்களுக்காக... கல்கத்தா துறைமுகத்தில் வேலை. பகல் முழுக்கத் துருப்பிடித்த கப்பல், துருப்பிடித்த கிரேன், துருப்பிடித்த சங்கிலி என்று பார்த்துவிட்டு, டாக்குரியாவில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்புகிறவர். துரு என்றால் அவருக்கு எதிரி இல்லை, பரம்பரைப் பகை.

எங்கள் வீட்டில் டி.வி. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை உண்டு. டெலிபோனுக்கு உறை உண்டு. சோபா வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருக்கிறது. சித்திரை வெயிலில் அதில் உட்கார்ந்து எழுந்தால் சோபாவும் கூடவே எழுந்து வரும்.

இப்படிப்பட்டவர் கார் வாங்கினால் என்ன ஆகும்?

அதுவும் அவருக்காக வாங்கவில்லை... எனக்காக! ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. கல்யாணம், டிரான்ஸ்ஃபர், பிள்ளை என்று நான் விட்ட வேலை. பையன் ஹாஸ்டலுக்குப் போன பிறகுதான் மறுபடி அப்ளை பண்ணவே தைரியம் வந்தது. துர்கா பூஜை லீவு முடிந்து பள்ளி திறக்கும் திங்கட்கிழமை, காலை பிரேயருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று பிரின்சிபால் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். லேட்டாக வருகிற டீச்சர் அவருக்கு வேண்டாமாம். இந்த வேலைக்கு வேறு ஆளும் தயாராக இருக்கிறதாம்.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். ஒரு பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி, புடவைத் தலைப்பை யார் யாரிடமிருந்தோ பிடுங்கிக்கொண்டு போய் இறங்கினேன். பிரேயர் என்ன, முதல் பீரியடே முடிந்திருக்கும்.

"கார் வாங்கிடுவோம், வசந்தா. பெரிய பாலத்துல ஏறி இறங்கினா சாந்த்ராகாச்சி. உனக்காகத்தான்!" என்றார் இவர். சந்தோஷத்தில் அன்று வெங்காய சாம்பார் வைத்தேன். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கினேன்.

கார் வந்தது. சாவிதான் என் கைக்கு வரவில்லை.

"முதல்ல பெயின்ட்டுக்கு ஒரு பாதுகாப்பு பண்ணிடணும். அந்த ஸ்கூல் ரயில்வே யார்டு பக்கத்துல இருக்கு. காத்துல இரும்புத் தூள் பறக்கும். பெயின்ட் மேல உக்காந்துச்சுன்னா அப்படியே துரு புடிச்சிரும்."

"அந்தக் காத்துலதாங்க நான் நாள் பூரா மூச்சு விடப்போறேன். எனக்கு என்ன கோட்டிங்?"

பேப்பரில் பாலிஷ் விளம்பரம் தேடப் போய்விட்டார்.

ஆராய்ச்சி ஆரம்பித்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது இரண்டு பஜ்ஜி தின்று முடிப்பதற்குள் சம்மதம் சொன்ன மனிதர் இவர். பெயின்ட்டுக்கு பாலிஷ் தேர்ந்தெடுக்க எத்தனை கடை ஏறி இறங்கினார் என்கிறீர்கள்! கடைசியில் காளிகாட் பக்கத்தில் ஏ.சி. போட்ட ஒரு கடையில் போய் நின்றோம். அங்கேதான் இந்த டை கட்டிய ஆள் எங்களுக்கு அறிமுகம்.

முதலில் ஒரு டப்பாவைத் திறந்தார். வாக்ஸ். "பிரேசில் நாட்டுப் பனை ஓலையிலிருந்து எடுத்தது சார்" என்றார். பனை! திருச்சியிலிருந்து தெற்கே போனால் ரோடு முழுக்க நிற்கிறது. நாம் அதில் விசிறி பண்ணி வீசிக்கொண்டு இருந்துவிட்டோம். ஆனால் அந்த வாக்ஸும் வெயிலில் உருகிப் போய்விடுமாம். அவரே சொன்னார்.

அடுத்தது ஸ்பிரே. அடித்துத் துடைத்தால் போதும். இரண்டு மழைக்குத் தாங்கும் என்றார். கல்கத்தாவில் இரண்டு மழை என்றால் செவ்வாய்க்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று.

அதற்கடுத்தது ஃபிலிம். கண்ணுக்கே தெரியாமல் கார் மேல் ஒட்டுவது. பம்பாயிலிருந்து வர வேண்டும். விலையைக் கேட்டதும், அது கண்ணுக்குத் தெரியாமலே இருக்கட்டும் என்று இவர் முடிவு செய்துவிட்டார்.

கடைசியில் வந்தது டெஃப்ளான் கோட்டிங். சாம்பிளுக்கு ஒரு தகடு வைத்திருந்தார். அதில் மார்க்கரால் கிறுக்கினார், துடைத்தார், போய்விட்டது. தன் டீயைக் கொட்டினார், உருண்டு ஓடிவிட்டது. சிகரெட் லைட்டரைப் பற்றவைத்துக் காட்டினார். எங்கள் கார் நெருப்பில் குதித்து நீந்தப் போகிறதா என்ன? இவரோ, வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்.

"இதில் எதுவுமே ஒட்டாது சார். எதுவுமே!"

இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டிங் போட்டாயிற்று. சாவி? "செட் ஆகணும்." தண்ணீர் படக்கூடாது, வெயில் படக்கூடாது, விரல் படக்கூடாது. காரின் மேல் பழைய பெட்ஷீட், அதன் மேல் தார்ப்பாய், அதற்கும் மேல் ஒரு போர்வை. எனக்கு டைபாய்டு வந்தபோதுகூட அந்தப் போர்வை பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை.

கீழ் வீட்டு போஸ் பௌதி (பெங்காலியில் அண்ணி) மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "கீ தீதி, காடிர் ஜ்வோர் நாகி?" என்றார். காருக்குக் காய்ச்சலா என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? காருக்கு இல்லை, கார்க்காரருக்கு என்றேன்.

பள்ளி திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை. புது வண்டிக்கு பூஜை போடாமல் பாலம் தாண்டக் கூடாது என்பது திருச்சியிலிருந்து என் மாமியார் போட்ட உத்தரவு. கல்கத்தாவில் இருந்துகொண்டு பூஜைக்கு எங்கே போவது? காளிகாட் காளி கோயிலுக்குத்தான்.

இவர் பானெட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். ஏன் தெரியுமா? அங்கே பண்டா, அதாவது பூஜை செய்து வைப்பவர், சிந்தூரத்தை எண்ணெயில் குழைத்து, கட்டை விரலால் பானெட்டில் அழுத்தி ஸ்வஸ்திக் போடுவார். மேலே செம்பருத்தி மாலை. கோட்டிங் இன்னும் முழுசாக செட் ஆகவில்லை என்பது இவர் கவலை. அம்மன் காரியம்... வேண்டாம் என்றும் சொல்ல முடியாது.

என்ன செய்தார் தெரியுமா? கரியாஹாட் கடைத்தெருவில் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற கண்ணாடி பிளாஸ்டிக் ரோல் ஒன்று வாங்கினார். பானெட்டைத் திறந்து, பிளாஸ்டிக்கைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓரங்களை உள்ளே மடித்து பானெட்டை மூடிவிட்டார். பம்பாய் ஃபிலிமுக்கு டாக்குரியா பதிப்பு.

பண்டா விரலை வைத்தார். பிளாஸ்டிக் நகர்ந்தது. மறுபடி வைத்தார். மறுபடி நகர்ந்தது.

"ஏட்டா கீ?" இது என்ன என்று கேட்கிறார்.

"நயா காடி ஹை... கம்பெனி பேக்கிங்" என்றார் இவர் ஹிந்தியில், கூசாமல். புது வண்டியாம்!

"மாயேர் சாம்னே பேக்கிங்?" காளியம்மாவுக்கு முன்னாலேயே பேக்கிங்கா என்று ஒரு பார்வை பார்த்தார் பண்டா. பின்னால் இன்னும் நாலு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. பேக்கிங் மேலேயே ஸ்வஸ்திக் போட்டு, மாலை சாத்தி, தேங்காய் உடைத்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கை உரித்தெடுத்தார். சிந்தூரம் பட்டதைக் குப்பையில் போட முடியுமா? நாலாக மடித்து சாமி அலமாரியில் வைத்தார். அடியில் பானெட் சின்னக் கறைகூட இல்லாமல் மின்னியது. அந்த முகத்தில் வந்த பெருமையை, எங்கள் பையன் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை.

பெருமையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்கு போன் போட்டு, அம்மாவிடம் முழுக்கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். ஸ்பீக்கரில்.

மாமியார் முழுவதையும் கேட்டு முடித்தார்.

"ஏன் தம்பி... அப்ப பூஜை பிளாஸ்டிக்குக்குத்தானே ஆயிருக்கு?"

"இல்லம்மா, அது வந்து..."

"என்ன வந்து? வண்டிக்குப் பொட்டு வச்சியா? இல்ல. நாளைக்கு அந்த வண்டிய எடுத்துட்டுப் போறது யாரு? வசந்தா. காளியாத்தா யாருக்குத் துணைக்கு வருவா? அலமாரில மடிச்சு வச்சிருக்கியே, அந்தப் பிளாஸ்டிக்குக்கா?"

போனை வைத்துவிட்டு சாமி அலமாரியைத் திறந்து அந்தப் பிளாஸ்டிக்கைப் பார்த்தார்.  பிறகு சொன்னார்: "நாளைக்குக் காரை எடுக்க வேணாம். அடுத்த சனிக்கிழமை மறுபடி காளிகாட் போயிட்டு வந்துருவோம்."

"நாளைக்கு எனக்கு வேலைங்க!"

"லீவு சொல்லிடு."

"சேரவே இல்ல, லீவா? அந்தம்மா வேற ஆளை வச்சிரும்."

ரிமோட் உறையைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. வாக்ஸ், ஸ்பிரே, ஃபிலிம், டெஃப்ளான், செட் ஆகணும், இப்போது பிளாஸ்டிக்குக்கு ஆன பூஜை. அந்தக் காரின் மேல் ஒரு தூசி விழக்கூடாது என்பதற்காக என் வேலை போனால் போகட்டும், அப்படித்தானே? வாய்விட்டே கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை விடிந்ததும் நானே சந்தனம் குழைத்தேன். குங்குமம் எடுத்துக்கொண்டேன். இரண்டு எலுமிச்சம்பழம். கீழே போய்ப் போர்வையை இழுத்தேன், தார்ப்பாயை இழுத்தேன், பெட்ஷீட்டை இழுத்தேன். பிளாஸ்டிக் இல்லாத பானெட்டில், நடுவில், பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு.

வழுக்கிக்கொண்டு இறங்கியது.

சந்தனம் தண்ணீராகிவிட்டதோ என்று கெட்டியாகக் குழைத்து மறுபடி வைத்தேன். நிதானமாக, அவசரமே இல்லாமல் இறங்கி நம்பர் பிளேட்டில் போய் உட்கார்ந்தது. குங்குமமும் பின்னாலேயே போனது. எதுவுமே ஒட்டாது சார். எதுவுமே! விளம்பரத்தில் சொன்னது வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாகிறது... அதுவும் எந்த நேரத்தில் பாருங்கள்.

ஜன்னலில் போஸ் பௌதி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தால் பின்னால் இவர். எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் தானே ஒரு பொட்டு வைத்தார். வழுக்கியது. துடைத்துவிட்டு இன்னொன்று வைத்தார். அதுவும் வழுக்கியது. 

விறுவிறுவென்று மாடிக்கு ஓடினார். போயிற்று, சாவியை ஒளித்து வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது ஒரு கையில் சோப்புத்தூள். இன்னொரு கையில், நான் தோசைக்கல் தேய்க்கிற பச்சை ஸ்கிரப்பர்.

பானெட்டின் நடுவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"ஐயோ! என்னங்க பண்றீங்க? கோட்டிங் போயிடும்!" கத்தியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் நானேதான்.

"போனா போவட்டும்."

"பெயின்ட்டே போயிடுங்க!"

"போவட்டும்ங்கறேன்ல! அவ்ளோ பெரிய பாலத்துல முதமுதல்ல தனியா போறே. ஒரு பொட்டுகூட இல்லாமயா போவே?" பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தார். கண் கலங்கியிருந்தது. சோப்புத்தூள் பட்டிருக்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

பளபளப்பு போய், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் மங்கியது. ஈரத்தைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். சந்தனம் வைத்தார். நின்றது. நடுவில் குங்குமம் வைத்தார். அதுவும் நின்றது.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார். பழம் நசுங்கிய சத்தம் கேட்டதும் பௌதி ஜன்னலிலிருந்தே உலு உலு என்று குலவையிட்டார். பாலத்தில் ஏறும்போது எனக்குப் பயமாக இருந்தது என்னவோ உண்மை. ஆனால் கண்ணுக்கு நேரே அந்தப் பொட்டு இருந்தது. பிரேயர் மணி அடிப்பதற்கு முன்னால் பிரின்சிபால் அம்மா முன் போய் நின்றுவிட்டேன்.

சாயங்காலம் கார் முழுக்க சாந்த்ராகாச்சித் தூசியோடு திரும்பினேன். கேட்டிலேயே நின்றிருந்தார். "சாப்ட்டியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் காரைச் சுற்றி வந்தார். வரிசையை கவனித்தீர்களா? நான் கவனித்தேன்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். டை கட்டியவர் அந்த வட்டத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு, வாரன்ட்டி இருப்பதால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி கோட்டிங் போட்டுத் தருவதாகச் சொன்னார். இலவசமாக! இலவசம் என்று சொன்னால் காலி டப்பாவைக்கூட விடாத என் வீட்டுக்காரர், "வேண்டாம்" என்றார்.

"சார், இந்த இடத்தில் பாதுகாப்பே இல்லை. தண்ணீர் நிற்கும். துரு பிடிக்கும்!"

"பிடிக்கட்டும். வருஷா வருஷம் பொட்டு ஒட்டணுமே" என்றார் இவர்.

இந்தச் சூட்டோடு ரிமோட்டின் பிளாஸ்டிக் உறையையும் கழற்றிவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன்... முறைத்தார்!