மேடத்துக்கு ஒரு லீவு லெட்டர்

பதினொரு வயதிலேயே எனக்கு ஆங்கிலத்தில் துயரப்படத் தெரியும். எங்கள் மடுல்சீமைத் தோட்டத்தில் அந்த வித்தை வேறு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

சனிக்கிழமைகளில் பசறைக்கு பஸ் ஏறிப் போவேன். அங்கே புடைவைக் கடை முதலாளியின் மனைவி, கடைக்கு மேல் மாடியில் ஆங்கில வகுப்பு நடத்தினார். ஒருநாள் அவர் கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்து, மனக்கஷ்டத்தைச் சொல்லும் சொற்களை ஒவ்வொரு படியிலும் ஏற்றி வைத்தார். அடிப்படியில் சேட். அடுத்ததில் அப்செட். அதற்கு மேல் டிஸ்டர்பிங், டெரிபிள், ஹார்ட்பிரேக்கிங். உச்சிப்படியில் அன்பெயரபிள். தாங்கவே ஏலாதது என்று அதற்குத் தமிழில் விளக்கமும் சொன்னார்.

"பென்சில் தொலஞ்சதுக்கெல்லாம் மேல்படிக்கு ஏறப்படாது. பெரிய சொல்லெல்லாம் பெரிய விஷயத்துக்கு வெச்சுக்கங்க" என்றார்.

நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. மேல்படிச் சொற்களைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அழகாக எழுதி, தீபாவளிச் சட்டையைப் போலப் பத்திரப்படுத்தி வைத்தேன்.

அப்போது அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம் முடிந்திருந்தது. ஒப்பந்தம் முடிந்தும் வருகிற பேச்சைக் காணோம். சித்திதான் எங்களைப் பார்த்துக்கொண்டாள். மாதத்துக்கு ஒருமுறை கடைவீதியிலுள்ள ஒரு கடையின் டெலிபோனுக்கு அம்மா எடுப்பாள். அப்பாவும் நானும் தம்பியும் முன்கூட்டியே போய் நிற்போம். "நல்லா இருக்கீங்களா?" என்பாள். "நல்லா இருக்கோம்" என்போம். நாங்களும் அதையே திருப்பிக் கேட்போம், அவளும் அதையே சொல்வாள். தூரத்தில் இருக்கிறவளிடம் கஷ்டத்தைச் சொன்னால் அவளால் ஓடிவரவா முடியும்? எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் சொல்ல மாட்டார்கள். தம்பிக்கு வந்த காய்ச்சலும், காற்றில் பறந்த கூரைத் தகரமும் 'நல்லா இருக்கோம்' என்றுதான் குவைத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்த வீட்டு மேடம்தான் அம்மாவை விடாமல் பிடித்து வைத்திருக்கிறாள் என்று அப்பா முடிவு கட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அந்தம்மாவுக்கு இங்கிலீசு தெரியுமாம். நீ ஒரு கடுதாசி எழுது பாப்பா. வாசிச்சா அவங்க கண்ணுல தண்ணி வரணும்."

என்ன எழுதுவது என்று கேட்டேன். அப்பா தேயிலைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி இப்ப சித்தியத்தான் அம்மானு கூப்புடுறான். அத எழுது. வேல முடிஞ்சு வீட்டுக்குள்ள வரவே எனக்குப் புடிக்கலனு எழுது."

சொல்லிவிட்டு, குளிக்கப் போவதாகத் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா இப்படியெல்லாம் பேசி நான் கேட்டதில்லை.

எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்த கடிதம் ஒன்றே ஒன்றுதான்: வகுப்பாசிரியருக்கு எழுதும் லீவு லெட்டர். ஆகவே குவைத் மேடத்துக்கும் அதையே எழுதினேன். மதிப்பிற்குரிய மேடம், எங்கள் அம்மா இரண்டு வருடமாக வீட்டுக்கு வரவில்லை, ஆதலால் அவருக்கு விடுமுறை தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பள்ளிக்கூட அதிபர் மூன்று நாளுக்கு மேல் லீவு கொடுக்கமாட்டார். குவைத் தூரம் என்பதால் துணிந்து ஒரு வாரம் கேட்டேன்.

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். படிக்கட்டைப் பார்த்தேன். வீட்டில் யாரும் சாகவில்லை. அம்மா குவைத்தில்தான் இருக்கிறாள், என்றைக்காவது வந்துவிடுவாள். இதற்கே உச்சிப்படியைச் செலவழித்துவிட்டால், நாளைக்கு நிஜமாகவே ஏதாவது நடந்தால் என்ன செய்வது? அதுவுமில்லாமல், முன்பின் தெரியாத ஒருத்தி எங்களைப் பிச்சைக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. தம்பி விஷயத்தை எழுதவே கூடாது. அது அம்மாவின் காதுக்குப் போனால் அழுவாள். எனக்கும் அவன்மேல் கோபம்.

உண்மையில் எனக்கு அம்மா வேண்டியிருந்தாள். அவள் குரலை நினைத்துப் பார்த்தால் டெலிபோனில் கேட்கும் குரல்தான் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய குரல் மறந்துபோயிருந்தது. அதை எந்தப் படியில் வைப்பது என்று டீச்சர் சொல்லித்தரவில்லை. கடைசியில், நாங்கள் கொஞ்சம் அப்செட்டாக இருக்கிறோம் என்று எழுதினேன். கீழே, 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி' என்று கையெழுத்தும் போட்டேன்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்திலேயே வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"அழுகுற மாதிரி எழுதியிருக்கியா?"

"ஆமாப்பா."

அம்மாவின் பெயருக்குப் போகும் உறைக்குள் அதை வைத்தார். கூடவே அவர் கையால் தமிழில் ஒரு துண்டு: இதை மேடத்திடம் கொடு, எல்லாம் இதில் எழுதியிருக்கிறது.

பதில் வரவில்லை. அடுத்த முறை டெலிபோனில், இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அம்மா சொன்னாள். நல்லா இருக்கீங்களா என்று கேட்டாள். நல்லா இருக்கோம் என்றோம். மேடம் கல்நெஞ்சுக்காரி என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அம்மா திரும்பி வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. தம்பி சித்தியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வெளியே வர அவனுக்கு இரண்டு நாள் பிடித்தது.

இப்போது நான் பதுளையில் வேலை பார்க்கிறேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் ஒருநாள் அவள் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அந்த லீவு லெட்டர் கதையை வேடிக்கையாக எடுத்துவிட்டேன். மேடத்தையும் நாலு வார்த்தை திட்டினேன்.

"அவள ஏன் திட்டுற? அவ நல்லவ" என்றாள் அம்மா. "இருக்கியா, போறியானு என்னயத்தான் கேட்டா. நான் போறேன்னு பெட்டியே கட்டிட்டேன். அந்த நேரம்தான் உன் கடுதாசி வந்துச்சு."

"மேடம் வாசிச்சாங்களா?"

"எங்க குடுத்தேன்? உள்ள என்னா இருக்குனு தெரியாம எப்புடிக் குடுக்குறது? பக்கத்து வீட்டுல வேல செஞ்ச பிலிப்பைன்காரிகிட்ட காட்டுனேன். வாசிச்சிட்டு சிரிச்சா. பிள்ளைகளுக்குக் கவலயானு கேட்டேன். வெரல கிள்ளிக் காட்டுனா. இத்துணூண்டுதானாம்."

சுண்டு விரல் நுனியை எனக்கும் கிள்ளிக் காட்டினாள்.

"சரி, நான் இல்லாமலே பழகிருச்சுங்க, இன்னும் ரெண்டு வருசம் இருந்து வீட்டையாவது கட்டிப்புடலாம்னு பெட்டிய அவுத்துட்டேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. அடுத்த லீக்ஸை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. முற்றத்துக்கு வந்து நின்று அழுதேன்.

அம்மாவுக்கு நாங்கள் வேண்டும் என்பது பதினொரு வயதில் எனக்குத் தெரியும். எங்களுக்கு அவள் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.