யூகிமின் கதவு

ஹெலிகாப்டரில் ஏறுவதற்கு முன் யூகிம் ஓர் ஆப்பிளில் பாதியைக் கடித்துத் தின்பான். மீதியைக் கைக்குட்டையில் சுற்றி மார்புப் பையில் போட்டுக்கொள்வான். தரையிறங்கி, தலைக்கு மேலே விசிறி சுற்றி ஓய்ந்த பிறகுதான் அதை வெளியே எடுப்பான். அதற்குள் அது பழுப்பேறிச் சுருங்கியிருக்கும். முகம் சுளிக்காமல் விதையோடு மென்று விழுங்குவான். ஆப்பிள் இல்லாத வசந்த காலத்தில் உலர்ந்த துண்டுகளை வைத்துக்கூட இதைச் செய்வான். நெஸ்தோர் எத்தனையோ வருடமாக இதைப் பார்த்துவந்தாலும் ஒரே ஒரு முறைதான் காரணம் கேட்டான்.

"மிச்சம் வச்ச சாப்பாட்ட விட்டுட்டு யாராவது போவாங்களா குமே?" என்றான் யூகிம்.

நெஸ்தோரின் மகளுக்கு ஞானத்தந்தையாக நின்றவன் யூகிம். அன்றிலிருந்து இருவருக்கும் பெயர் மறந்துபோயிற்று, ஒருவருக்கொருவர் 'குமே'தான். நெஸ்தோர் விமானி. யூகிம் கூடவே பறக்கும் மெக்கானிக். யூகிமின் அப்பா ப்சேல் ஆற்றங்கரையில் டிராக்டர் ஓட்டியவர். யூகிமுக்கு டிராக்டரைத் தவிர எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் சந்தோஷம். மனைவி ஹன்னா போருக்கு முன்பே போலந்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் எங்காவது எண்ணெய் கசிகிறதா என்று பார்க்கப் போய்விடுவான்.

போரின் முதல் வருடத்தில் இருவரையும் காப்பாற்றியது தரைதான். ஏவுகணைக்குத் தட்டுப்படாமல் இருக்க மின்கம்பிகளுக்குக் கீழே புகுந்து, சூரியகாந்திப் பூக்கள் சக்கரத்தில் உரச, முன்வரிசை வரை போவார்கள். அங்கே மூக்கைத் தூக்கி ராக்கெட்டுகளை வீசிவிட்டு, திரும்பவும் தரையோடு ஒட்டிக்கொண்டு ஓடிவருவார்கள். அபாய விளக்கு எரிந்தால் யோசிக்கவே கூடாது, கீழே போய்விட வேண்டும். யோசித்தவர்களின் படங்கள் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் தொங்கின.

பிறகு அந்த வேலையும் குறைந்தது. முன்வரிசையின் வானம் முழுக்கச் சின்ன ட்ரோன்கள் நிறைந்தபின் ஹெலிகாப்டர் அங்கே தலைகாட்ட முடியவில்லை. மரங்களுக்கு அடியில் வலை போர்த்தி நிறுத்திவைத்தார்கள். பக்கத்துக் கூடாரத்தில் ட்ரோன் பிரிவு இருந்தது. அதன் தலைவி சொலோமியா தினமும் அந்த வழியாகப் போவாள்.

"என்ன மாமா, மியூசியத்துலேர்ந்து ஆள் வந்தாச்சா?"

"வந்தாங்கம்மா. பொம்மை விளையாடுற புள்ளைங்களயும் சேத்து அனுப்பினாத்தான் எடுத்துப்பாங்களாம்" என்பான் யூகிம்.

சிரிப்பான். ஆனால் நெஸ்தோர் சிரிக்கமாட்டான். அந்தப் பெண் சொல்வது சரிதானோ என்று அவனுக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. இருபது வருடமாகக் கற்ற ஒரு வித்தை திடீரென்று யாருக்கும் வேண்டாததாகிவிட்டால், அதைக் கற்றவன் யார்?

அந்தக் கேள்விக்குப் பதில் எதிரியிடமிருந்தே வந்தது. ஊர்களைத் தேடி வெடிகுண்டோடு வரும் பெரிய ட்ரோன்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கின. எழுப்பும் சத்தத்தை வைத்து எல்லோரும் அவற்றை மொபெட் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏவுகணையைச் செலவழித்தால் கட்டுப்படியாகாது. மொபெட்டின் வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பக்கத்திலேயே பறந்து, கண்ணால் பார்த்துச் சுட ஒரு வண்டி வேண்டும். கிழட்டு ஹெலிகாப்டரின் மேலிருந்த வலையை உருவினார்கள். இடப்பக்கக் கதவைத் திறந்து இயந்திரத் துப்பாக்கியைப் பூட்டினார்கள். யூகிம் அதன் பின்னால் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

இந்த வேலைக்குப் பாடம் நேர்மாறானது. மொபெட்டை வெட்டவெளிக்கு மேலே வைத்துத்தான் சுட வேண்டும். சுட்டதும் மேலே ஏறி வலப்பக்கம் விலக வேண்டும். கீழே போனால் விழுகிற நெருப்புக்குள் நாமே போய் நிற்பதாகும்.

ஜூன் மாதம் அவர்கள் சுட்ட ஒன்று பரஸ்கேவாவின் தேன்பெட்டிகள் மேல் விழுந்தது. காட்டோரத்தில் தனியாகத் தேனீ வளர்க்கும் அந்த அம்மாள், மறுநாளே கரிந்த பலகை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு விமானதள வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எந்தக் கடன்காரன்டா சுட்டது? வெளிய வாடா!"

யூகிம் போய் நின்றான். "நான்தாம்மா."

"கண்ணு தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. மேலேர்ந்து பாத்தப்ப உங்க பெட்டி எல்லாம் விறகு மாதிரி தெரிஞ்சுது."

"விறகா! அவனவன் வீட்ட விறகுன்னு சொன்னா சும்மா இருப்பானா? அதுங்க வீடுடா அது."

அவள் அழவில்லை. அதுதான் யூகிமுக்கு என்னவோபோல் இருந்திருக்க வேண்டும். எரிந்த அத்தனை பெட்டியையும் தானே செய்து தருவதாகச் சொன்னான். தோட்டாப் பெட்டிகளின் பைன் பலகையை இழைத்து, ஓய்வு நேரமெல்லாம் தட்டிக்கொண்டே இருந்தான். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தான். ஒவ்வொரு முறையும் அவள் மூலை மட்டத்தைத் தடவிப் பார்த்து ஏதாவது குற்றம் சொல்லுவாள். அவன் பையில் ஆப்பிளைப் பார்த்த நாளில் அதற்கும் திட்டினாள்.

"ஆப்பிள் திருநாள்ல கோயில்ல மந்திரிக்கிறதுக்கு முன்னாடியே ஆப்பிள் திங்கிறியே, கோயிலுக்குப் போறவன்தானா நீ?"

"பாதிதாம்மா தின்னேன். பாவமும் பாதிதான்."

ஆகஸ்டில் ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி இருந்தது. அதற்கும் மூடி மட்டும்தான் குறை.

ஆப்பிள் திருநாளுக்கு முந்தின காலை, வெயில் ஏறும் நேரத்தில் அழைப்பு வந்தது. ஒரே ஒரு மொபெட். ஆற்றுக்கு அப்பால் இருக்கும் நகரத்தைப் பார்த்துப் போகிறது. யூகிம் பாதியைக் கடித்தான், மீதியைப் பையில் போட்டான். கிளம்பினார்கள்.

துணை விமானி ரொஸ்திக்தான் முதலில் பார்த்தான். "இடப்பக்கம், கொஞ்சம் கீழ. அழுக்கு முக்கோணம்."

நெஸ்தோர் அதற்கு இணையாக வந்தான். கோதுமை அறுத்த வயல் மேலே நல்ல இடம். யூகிம் சுட்டான். முதல் தோட்டாச் சரம் குறி தவறி அதன் பின்னால் போயிற்று. மொபெட் திடீரென்று குலுங்கி, தாழ்ந்து, திசை மாறியது. திருத்திக்கொண்டு மறுபடி பக்கத்தில் வருவதற்குள் வயல் முடிந்து காடு வந்துவிட்டது. காட்டோரத்தில் வெளிர்மஞ்சள் நிறத்தில் புதுப் பலகைகள் வரிசையாகப் பளிச்சிட்டன. நடுவில் தலையில் வலை கட்டிய ஓர் உருவம் அண்ணாந்து பார்த்தது.

"சுடு!" என்று கத்தினான் ரொஸ்திக். "சுடு மாமா, அப்புறம் ஆறு வந்துரும்!"

யூகிம் விசையை அழுத்தவில்லை.

"குமே?" என்றான் நெஸ்தோர்.

"அம்மா கீழ நிக்குது. தாண்டட்டும்."

"தாண்டினா புல்வெளி மட்டும்தான். அதுக்கு அப்பறம் ஆறு. அந்தாண்ட வீடுங்க."

"தெரியும். கிட்டப் போ."

"இதுக்கு மேலயா?"

"புல்வெளி சின்னதுய்யா. ரெண்டாவது தடவ சுட முடியாது. கிட்டப் போ."

நெஸ்தோர் போனான். விதிமுறை சொன்ன தூரத்தையும் தாண்டி, மொபெட்டின் இறக்கையில் இருந்த ஆணிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு. அதன் கரகரப்பு தங்கள் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்பதுபோல் இருந்தது. கீழே காடு விலகிப் பச்சை விரிந்தது. அதற்கு அப்பால் ஆறு ஒரு தகடு மாதிரி மின்னியது.

யூகிம் சுட்டான். நிறுத்தாமல் சுட்டான்.

வெளிச்சம் இடப்பக்கத்துக் கண்ணாடி முழுவதையும் நிரப்பியது. அந்தக் கணத்தில் நெஸ்தோரின் கைகள் அவனைக் கேட்கவில்லை. மேலே இழுக்க வேண்டிய கைகள், முதல் வருடம் முழுக்க உயிரைக் காத்த அதே பழக்கத்தில், ஹெலிகாப்டரைத் தரையைப் பார்த்துத் தள்ளின. உடைந்த இரும்பெல்லாம் விழுந்துகொண்டிருந்த இடத்துக்குள் அவர்களே இறங்கினார்கள்.

புல்லுக்குக் கொஞ்சம் மேலேதான் அவனுக்குப் புத்தி வந்தது. நிமிர்த்தி, தடதடக்கும் வண்டியை எப்படியோ ஆற்றங்கரையில் உட்கார வைத்தான். மறுகரையில் நகரம் அப்படியே இருந்தது. பால்கனியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

யூகிம் கயிற்றில் சாய்ந்திருந்தான். கழுத்துக்குக் கீழே நனைந்திருந்தது. நெஸ்தோர் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தான்.

"பழைய புத்தி போகல பாத்தியா குமே" என்றான் யூகிம். குற்றம் சொல்லும் குரல் இல்லை. வீட்டில் கால் இடறிக்கொண்டவனைக் கேலி செய்கிற குரல். பிறகு, "விழுந்துச்சா?" என்று கேட்டான்.

"புல்லுலதான். எல்லாம் புல்லுலதான்."

"அம்மாகிட்ட சொல்லு… மூடி…"

நெஸ்தோரின் கைகளுக்கு அடியில் அவன் மூச்சு நின்றுபோயிற்று. விசிறி சுற்றி ஓய்ந்தபோது மார்புப் பையில் பாதி ஆப்பிள் அப்படியே இருந்தது.

இலையுதிர் காலத்தில் அந்தக் கதவில் இருந்த துப்பாக்கியைக் கழற்றினார்கள். அதன் இடத்தில் குழாய்கள் வந்தன. மொபெட்டைத் துரத்தி மோதும் சின்ன ட்ரோன்கள் அவற்றுக்குள் இருந்தன. அவற்றை ஓட்ட சொலோமியாவே உள்ளே திரையின் முன் உட்கார்ந்தாள். முதல் பயணத்திலேயே அவற்றில் ஒன்று வெகு தொலைவில் ஒரு மொபெட்டை வீழ்த்தியது. நெஸ்தோர் அந்த வெளிச்சத்தைத் தீக்குச்சி அளவில்தான் பார்த்தான்.

இறங்கியதும் அவள் மெல்லச் சொன்னாள். "இனிமே கிட்டவே போக வேணாம் மாமா. தூக்கிட்டு வந்து விட்டா போதும், மத்தத அதுங்களே பாத்துக்கும்."

"இது அப்பவே இருந்துச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "சோதனையில இருந்துச்சு."

மியூசியத்தைப் பற்றி அவள் அதன் பிறகு பேசவே இல்லை. கையில் பழைய பழக்கமும் கதவில் புதிய ஆயுதமுமாகத் தான் இப்போது எந்தக் காலத்தைச் சேர்ந்தவன் என்று நெஸ்தோருக்கு விளங்கவில்லை. மேலே இழுப்பதைக் கைகளுக்குத் தினமும் நிறுத்திவைத்த ஹெலிகாப்டரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துப் பார்த்தான்.

குளிர் வருவதற்குள் அவன் அந்தக் கடைசிப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு காட்டோரத்துக்குப் போனான். மூடிக்காக ஒரு பலகையை அறுத்திருந்தான். அது ஒரு பக்கம் கோணலாக இருந்தது.

பரஸ்கேவா மூலைகளைத் தடவிப் பார்த்தாள். இந்த முறை குற்றம் சொல்லவில்லை. மூடியை மட்டும் எடுத்து அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"பெட்டிய வச்சுட்டுப் போ. மூடி வேணாம்."

"மழை விழுமேம்மா."

"விழட்டும். மூடி அவன் பாக்கி. அது அவன் பேர்லயே இருக்கட்டும்."